பெட்டியை இறக்கும் நேரத்தில் கடந்துபோகும் ஊர்

போடியில் இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். வில்லிவாக்கம் தாண்டியதும் பெட்டிக்குள் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்த பைகளை இழுப்பார்கள். மேலே இருக்கும் மூட்டையை இறக்குவார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகும் முருங்கைக்காய்க் கட்டு, மிளகாய்ப்பொடி டப்பா, நாலு ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய ஏலக்காய்ப் பொட்டலம் எல்லாம் கதவுப் பக்கம் வந்து சேர்ந்துவிடும். பெரம்பூர் தாண்டிவிட்டால் உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. சென்ட்ரலில் முதல் ஆளாகக் காலை வைக்கவேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். வண்டிக்கு மட்டும் அவசரமில்லை, அது ஊர்ந்து ஊர்ந்துதான் போகும்.

அந்தச் சில நிமிடங்களில் வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஓர் ஊர் நகர்ந்து போகிறது. தண்டவாளத்தை ஒட்டிய சுவர், சுவரில் நீலக் கோட்டுப் போட்ட அண்ணல், பிளாஸ்டிக் குடங்கள், அடுக்குமாடிகளின் பின்பக்கத்தில் காயும் துணிகள். அதன் பெயர் புளியந்தோப்பு. பலமுறை அந்த வழியாகப் போயிருந்தும், பெட்டியை இறக்கும் கூட்டத்தில்தான் நானும் நின்றிருக்கிறேன்.

இந்தப் பகுதியில் இதுவரை நம் மாவட்டத்துத் தெருக்களையே எழுதி வந்தேன். இந்த வாரம் சென்னைக்குப் போனதற்குக் காரணம் ராசிங்காபுரத்துத் தம்பி ஒருவர். எனக்கு அண்ணன் மகன் முறை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் பகலில் ஒரு குடோனில் வேலை, இரவில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு. ஊரில் அவருடைய அம்மாவைப் பார்த்தபோது, "பெரம்பூர்ல ரூம் எடுத்திருக்கானாம், நல்ல ஏரியாவாம்" என்றார். நான் தம்பிக்குப் போன் போட்டுப் பெரம்பூரில் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பெரம்பூர் இல்ல சித்தப்பா, புளியந்தோப்பு. அம்மாட்ட சொல்லிறாதீங்க. படத்துல பாத்துட்டு ரவுடி ஏரியானு பயப்படும்."

பிறகுதான் மீதிக் கதையைச் சொன்னார். வேறு நாலைந்து இடங்களில் ரூம் பார்த்திருக்கிறார். "சொந்த ஊரு எது, ஊர்ல எந்தத் தெரு, சைவமா, குலசாமி எது" என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்கள், பதில் கிடைத்ததும் "வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். புளியந்தோப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாடகை எவ்வளவு, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதோடு பேச்சு முடிந்தது. அப்படி ஏற்றுக்கொண்ட ஊரைத்தான் அவர் அம்மாவிடம் மறைத்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து சேர்ந்து நடக்கலாம் என்றேன். "இங்கிட்டுப் பாக்குறதுக்கு என்ன இருக்கு சித்தப்பா?" என்றார்.

இறங்கிப் போகும் வீடுகள்

சென்ட்ரலில் இறங்கிப் பக்கத்து நிலையத்தில் திருவள்ளூர் பக்கம் போகும் புறநகர் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் வியாசர்பாடி ஜீவா. பொதுவுடைமைத் தலைவர் ப.ஜீவானந்தத்தின் பெயரில் அமைந்த நிலையம். தண்டவாளத்துக்கு வடக்கே வியாசர்பாடி, தெற்கே புளியந்தோப்பு. இரண்டையும் இணைக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் தவறாமல் வரும். தண்ணீர் நிற்கிறது என்ற செய்திக்காகத்தான்.

நடக்கத் தொடங்கியதும் தம்பி கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தார். உள்ளே வைக்கச் சொன்னேன். வழி தவறினால்தான் தெரு கண்ணில் படும்.

முதலில் வீட்டு வாசல்களைப் பார்த்தோம். நம் ஊரில் படியேறி வீட்டுக்குள் போவோம். இங்கே பல சந்துகளில் படி இறங்கிப் போகவேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே வந்ததில் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் நின்றுவிட்டது. எத்தனை படி இறங்குகிறோமோ அந்த அளவுக்கு வீடு பழையது என்று கணக்கு வைக்கலாம். மழைத் தண்ணீர் முதலில் எந்த வீட்டுக்குள் போகும் என்பதையும் அந்தப் படிகளே சொல்லிவிடும். வசதி வந்தவர்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போகவேண்டுமானால் அந்தச் சுவரைத் தாண்டிக் குதிக்கவேண்டும். ஒரு பாட்டி அதை ஒரு காலால் எட்டித் தாண்டிய லாவகத்தைத் தம்பி வாய் பிளந்து பார்த்தார்.

அடுத்தது பெயர்கள். புளியமரத் தோப்பு இருந்து ஊருக்குப் பெயர் வந்திருக்கும். தோப்பு போய்விட்டது. தெருப்பெயர்ப் பலகைகளில் ஸ்ட்ரஹான்ஸ் ரோடு, டெமலஸ் ரோடு, குக்ஸ் ரோடு, பெரம்பூர் பாரக்ஸ் ரோடு என்று வெள்ளைக்காரர் காலத்து வாசனை. பாரக்ஸ் என்றால் சிப்பாய்கள் தங்கும் கொட்டடி. அதை ஒட்டிய பகுதி பட்டாளம். உள்ளே சந்துகளுக்குப் போனால் பலகை மாறுகிறது: ஏதோ ஒரு 'தோட்டம்', ஏதோ ஒரு 'புரம்', ஏதோ ஒரு 'நகர்'. நம் கிராமங்களில் ஊர் என்றும் சேரி என்றும், பிறகு ஊர் என்றும் காலனி என்றும் ஒரு கோடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். 'காலனி' என்ற சொல் இழிவின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களில் இருந்து அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நகரத்தில் அந்தக் கோட்டைப் பலகையில் எழுதி வைப்பதில்லை. தோட்டம், புரம் என்ற பெயர்களுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்கிறது. ஆட்டோ பிடிக்கும்போதும், வேலைக்கு மனுப் போட்டு முகவரி எழுதும்போதும், ரூம் தேடும்போதும் வெளியே வந்துவிடும்.

புளியந்தோப்பு நெடுஞ்சாலைப் பக்கம் வந்தோம். தள்ளுவண்டிகளில் பீப் வறுவல். ஊரில் மறைத்துச் சமைத்து மறைத்துத் தின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நட்ட நடுச் சாலையில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி விற்பதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். இரண்டு தட்டு ஆனது. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை என்று ஆசிரியர் வெட்டிவிடக் கூடும்.

இந்தப் பகுதியில்தான் மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. நகரத்துக்கு வேண்டிய இறைச்சி வெட்டப்படும் இடம், நகரத்தின் கழிவு ஓடும் ஓட்டேரி நல்லா, ரயில்வே பணிமனைகள், மில் எல்லாம் இந்தச் சில மைல் வட்டத்துக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கின்றன. நகரத்துக்கு எது வேண்டுமோ, ஆனால் எதன் நாற்றமும் சத்தமும் வேண்டாமோ, அதை வடக்கே ஒதுக்கினார்கள். அந்த வேலைகளைச் செய்தவர்களும் அதை ஒட்டியே குடியேறினார்கள்.

பஞ்சமும் மில்லும் ஒரே பெயரில்

பாரக்ஸ் ரோட்டில் தம்பி அண்ணாந்து பார்த்தார். வானத்தைத் தொடும் அடுக்குமாடிகள், வாசலில் சீருடைக் காவலர்கள். இந்த வட்டாரத்தில்தான் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் இருந்தன. பெரியவர்கள் வாயில் பி அண்ட் சி மில் அல்லது பின்னி மில். 1996-ல் மூடப்பட்டது. அதன்பிறகு பல ஆண்டுகள் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்துச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். பாழடைந்த மில்லுக்குள் கதாநாயகன் இருபது பேரை அடித்துத் தூக்கிப் போடும் காட்சியை நாம் எத்தனை படத்தில் பார்த்திருப்போம். அவற்றில் பலவற்றுக்கு இந்தச் சுவர்கள்தான் பின்னணி. தம்பியின் அம்மா பயந்த 'ரவுடி ஏரியா'வில் ஒரு பங்கு இப்படிப் படம்பிடித்து உண்டாக்கியதுதான்.

பக்கிங்காம் என்பது ஒரு கவர்னரின் பட்டப்பெயர். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பக்கிங்காம் பிரபு. மில் தொடங்கியது 1876-ல். அதே ஆண்டுதான் தென்னாட்டைச் சூறையாடிய பெரும்பஞ்சமும் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நிலமில்லாத கூலிகள்தான் முதலில் விழுந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பட்டணத்துக்கு நடந்தார்கள். பஞ்ச நிவாரணம் என்று அவர்களைக் கொண்டு கால்வாய் வெட்டினார்கள். 1877, 78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த அந்தக் கால்வாய்க்கும் பக்கிங்காம் என்றே பெயர் வைத்தார்கள். இந்தப் பேட்டையில் அந்தக் கால்வாய் இன்றும் கறுப்பாக ஓடுகிறது. 1881-ல் கர்நாடிக் மில்லும் வந்தது. இரண்டும் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தன, 1920-ல் ஒரே கம்பெனியாக இணைந்தன. பட்டாளத்துக்கான காக்கித் துணிக்குப் பெயர் போன மில். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் உடுத்திய காக்கி இங்கே நெய்து சாயம் போட்டது. உச்ச காலத்தில் பத்தாயிரம் பேருக்கும் அதிகமானவர்கள் வேலை பார்த்தார்கள்.

தேநீர்க் கடையில் நின்றபோது பெரியவர் ஒருவர், "காலைல சங்கு ஊதும் பாரு, ஓட்டேரி வரைக்கும் எழுந்துக்கும்பா" என்றார். மில் சங்கு. அது நின்று முப்பது வருடம் ஆகப்போகிறது. அவர் இன்னும் அந்த நேரத்துக்கே எழுந்துவிடுகிறாராம், பார்க்கிற வேலை ஒன்றுமில்லாமல்.

ஒரு மதிப்பெண் கேள்விக்கு அப்பால்

"இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் எது?" என்று தம்பியைக் கேட்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர் இல்லையா, உடனே வந்தது பதில்: "சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918, பி.பி.வாடியா."

சரியான பதில்தான். 1918 ஏப்ரல் 27-ல் அந்தச் சங்கம் தொடங்கியது இந்த மில்லின் தொழிலாளர்களுக்காக. மில்லை ஒட்டிய பகுதியில் வாழ்ந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்து முன்கை எடுத்தார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். காலையில் இருந்து இருட்டும் வரை வேலை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதை நீட்டிக் கொடுங்கள் என்பதே முதல் கோரிக்கைகளில் ஒன்று. 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாடியாவுக்கும் சங்கத்தாருக்கும் எதிராகக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே சதி என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்து, கடைசியில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று ஏதோ ஒரு மூலையில் பத்துப் பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்ய முடிகிறது என்றால் அதற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

"1921 ஜூன்ல இங்க என்ன நடந்துச்சு?"

தம்பிக்குத் தெரியவில்லை. நான் புரட்டிய வினாத்தாள்களில் அந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை.

1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் வேலை நின்றது. ஜூன் 20-ல் பக்கிங்காம் மில்லும் சேர்ந்துகொண்டது. சாதி இந்துத் தொழிலாளர்களும் இஸ்லாமியத் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய தலைவராக விளங்கிய எம்.சி.ராஜாவும் அதை ஆதரித்தார். வேலைநிறுத்தத்தை உடைப்பவரைச் சொல்ல நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, கருங்காலி. (இப்போது கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அதே மரம்.) அந்தச் சொல் புளியந்தோப்புச் சேரிகளின்மேல் விழுந்தது. ஜூன் மாதக் கடைசியில் சேரிக்குத் தீ வைத்தார்கள். சுமார் நூறு குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் மோதல் ஓயவில்லை. வீடிழந்தவர்களை வியாசர்பாடியில் முகாம் போட்டு அரசு தங்க வைத்தது. ஆகஸ்ட் 29-ல் மில் பக்கம் மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்தது, அதில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தபோது தொழிலாளிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இதைக் கம்பெனியின் பிரித்தாளும் சூழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. கம்பெனிக்கு அதில் லாபம் இருந்தது உண்மை. வேலைக்குப் போனவர்களை அது அரவணைத்ததும் உண்மை. ஆனால் சூழ்ச்சி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால் சேரியில் இருந்தவருக்குச் சொந்த மூளை இல்லை, யாரோ ஆட்டிவைத்த பொம்மை என்றாகிவிடும். அவர்கள் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒரு நீண்ட வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தார்கள். ஊரில் திரும்பிப் போக நிலம் இல்லை. மளிகைக் கடையில் கடன் சொல்ல முடியாது. வட்டிக்குக் கொடுப்பவன் இவர்களுக்கு எதை நம்பிக் கொடுப்பான்? சங்கத்தின் மேடையில் அவர்களுடைய ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

இந்தக் கணக்கு நமக்குப் புரியாததல்ல. 2020 ஊரடங்கில் போடிமெட்டு வழி அடைபட்டு, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் போகாமல் நின்ற வாரங்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் எல்லா வீட்டிலும் வருமானம் நின்றது. ஆனால் எந்தத் தெருவில் முதலில் அடுப்பு அணைந்தது? தோட்டம் வைத்திருப்பவர் வீட்டிலா, தினக்கூலிக்குக் காய் எடுக்கப் போகிற பெண்ணின் வீட்டிலா? இரண்டு வீட்டையும் பார்த்து "எல்லோரும் சேர்ந்து பொறுத்துக்கொள்வோம்" என்று சொல்வது சுலபம்.

கருங்காலி என்ற வசவில் ஒரு பழங்கதை இருக்கிறது. கோடாலிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்பார்கள். தன் இனம் என்று சொல்ல, முதலில் அந்த இனத்தில் சேர்த்திருக்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள் வரை ஒரே பானையில் தண்ணீர் குடித்தார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

இது சென்னை மில்லில் மட்டும் கண்ட கதை அல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைத்தது நெசவுப் பிரிவில். அங்கே தீண்டத்தகாதோர் எனப்பட்ட தொழிலாளர்களை மற்றத் தொழிலாளர்கள் சேர்க்கவிடவில்லை. தறியின் நாடாவில் நூல் தீரும்போதெல்லாம் புது நூலின் முனையை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும், எச்சில் பட்டால் தீட்டாம். 1928-ல் பம்பாயில் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் இந்தப் பாகுபாட்டைத்தான் சங்கத் தலைவர்கள்முன் வைத்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசும்போது, தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என்றார். அவர் சொன்ன பார்ப்பனியம் ஒரு சாதியாரைக் குறித்தது அல்ல. சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் மறுக்கும் மனப்போக்கைக் குறித்தது. அது எல்லா வகுப்பாரிடமும் இருக்கிறது என்றும் விளக்கினார். புளியந்தோப்பு எரிந்து பதினேழு ஆண்டுகள் கழித்துப் பேசிய பேச்சு அது.

அரசியலிலும் இந்தத் தீ நீண்ட காலம் புகைந்தது. அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அரசு அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதே மோதலுக்குக் காரணம் என்று தியாகராயர் உள்ளிட்ட நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூறினார்கள். அதே அணியில் சட்டமன்றத்தில் இருந்த எம்.சி.ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. 1923-ல் அவர் கட்சியை விட்டு விலகினார். இடையில் 1922-ல், பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் எழுதியதை மாற்றி ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறி அரசாணையாகவும் ஆனது. இன்று தம்பியின் சாதிச் சான்றிதழில் இருக்கும் சொல் அது. குடிசைகள் எரிந்த அடுத்த ஆண்டு வந்த சொல்.

பலகை இல்லாத இடம்

பட்டாளம் பக்கம் நடந்தபோது சங்கத்தின் நினைவைச் சொல்லும் பெயர்கள் கண்ணில் பட்டன. செல்வபதி பெயர் இருக்கிறது, திரு.வி.க. பெயர் நகரெங்கும் இருக்கிறது. அவர்களுக்கு உரிய மரியாதைதான், குறை சொல்லவில்லை. 1921-ல் எரிந்த குடிசைகள் எந்தச் சந்தில் இருந்தன என்று தேடிக்கொண்டே நடந்தோம். நாங்கள் நடந்த வழியில் அதைச் சொல்லும் பலகை எதையும் பார்க்கவில்லை. சந்து முனையில் ஒரு மன்றம், உள்ளே கேரம் பலகையைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள், சுவரில் அம்பேத்கர், பக்கத்தில் மாலைநேரப் பாடம் நடக்கும் அறிவிப்பு. பிள்ளைகளிடம் மில்லைப் பற்றிக் கேட்டோம். "ஷூட்டிங் நடக்குமே, அதுவா அண்ணா?" என்றான் ஒருவன்.

கே.பி. பார்க் அடுக்குமாடிகளின் பக்கம் போனபோது வெயில் ஏறிவிட்டது. 1970-ல் கலைஞர் ஆட்சியில் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கட்டிய குடியிருப்பு. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டிய உயரமான கட்டடத்தில் 2021 ஆகஸ்டில், குடிவந்த கொஞ்ச நாளிலேயே கை வைத்தால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததும், சட்டமன்றம் வரை பேச்சானதும், நிபுணர் குழு வந்து சோதித்ததும் செய்தியில் வந்தது. மக்கள் விரலால் சுரண்டிக் காட்டிய அந்தக் காட்சி நினைவிருக்கலாம். நூறு ஆண்டுக்கு முன் ஓலைக்குடிசை, இன்று கான்கிரீட். நிச்சயம் முன்னேற்றம்தான். ஆனால் கான்கிரீட்டையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிபோகவேண்டும் என்ற நிலை இந்த மக்களுக்கு மட்டும் ஏன்? இதாவது இங்கேயே கிடைத்த வீடு. கால்வாய்க் கரையில் இருந்த பலரைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். வேலை வடக்கே, வீடு தெற்கே.

மதியம் ஒரு பாலத்தின் மேல் நின்றோம். கீழே ரயில்கள். தம்பி முதல்முறையாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"சித்தப்பா, நம்ம போடி வண்டி இது வழியாத்தான வருது?"

ஆமாம். 1928-ல் மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது, மலைச் சரக்கை இறக்கிக் கொண்டுபோக. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நாம் போராடியும் மனுக் கொடுத்தும் காத்திருந்து, 2023 ஜூன் 15-ல் சென்னை வண்டி போடியில் இருந்து புறப்பட்டது. அன்று பிளாட்பாரத்தில் நின்று கையசைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த வண்டி சென்ட்ரலுக்குள் நுழையுமுன் கடக்கிற கடைசி ஊர்களில் ஒன்று இது. 1955 முதல் ரயில்பெட்டி செய்யும் தொழிற்சாலையும் பெரம்பூரில்தான் இருக்கிறது.

"அப்ப ஒவ்வொரு தடவையும் இதத் தாண்டித்தான் போயிருக்கேன்" என்றார். பிறகு, "பெட்டிய எடுத்துக்கிட்டு நின்னுருப்பேன்" என்று அவரே சிரித்தார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது ஊரிலிருந்து அவருடைய அம்மா போன் பேசினார். சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய் என்ற வழக்கமான கேள்விகள். தம்பி என்னை ஒருமுறை பார்த்தார். "சித்தப்பா வந்திருக்காரும்மா. அவரும் நானும் புளியந்தோப்புல நிக்கிறோம். ஆமா, ரூமும் இங்கதான். இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ வந்து பாரு." அந்தப் பக்கத்தில் இருந்து என்ன வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இறங்கிப் போகணும்மா, மூணு படி. தண்ணி வராது, முன்னாடி சுவரு கட்டியிருக்காங்க" என்றார்.

போக நினைக்கிற மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது, தெருவில் ஆள் இருப்பார்கள், பேசுவார்கள். மழைமாதம் வேண்டாம். படம் எடுக்குமுன் கேளுங்கள். அங்கே எல்லோரும் வந்து எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற கோபம் நியாயமானது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மில்லில் வேலை பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சங்கு கேட்ட காது உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வண்டியில் போகும்போது வலப்பக்க ஜன்னல் சீட்டுக் கிடைத்தால், பெரம்பூர் தாண்டியதும் எழுந்து நிற்காதீர்கள்.